மனச்சுமையும் உடற்சுமையும்

பன்னிரண்டாம் வகுப்பு, மனையியல் பிரிவு மாணவியர்

"கவலை ஆளை உருக்கிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். நம் இலக்கியங்களும் அதையே சொல்கின்றன. தலைவனைப் பிரிந்த தலைவி உண்ணாமலும் உறங்காமலும் மெலிகிறாள். அவள் கைவளைகள் கழன்று விழுகின்றன. இந்த மெலிவைப் பாடுவதற்கென்றே திருக்குறளில் 'உறுப்புநலன் அழிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அசோக வனத்தில் சிறையிருந்த சீதையையும் மெலிந்த உருவமாகவே கம்பர் காட்டுகிறார். ஆகவே, கவலை வந்தால் பெண் இளைத்துப் போவாள் என்பது தொன்றுதொட்டு வரும் எண்ணம்.

இனி, நம்மைச் சுற்றியுள்ள வீடுகளைச் சற்றுப் பார்ப்போம். மாதக் கடைசியில் மளிகைக் கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு, மாமியாரின் மருந்துச் சீட்டு, காலை எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரம் என்று ஏதேனும் ஒரு கவலை இல்லாத தாய்மாரைக் காண்பது அரிது. அவர்கள் எல்லோரும் துரும்பாகவா இளைத்திருக்கிறார்கள்? பலர் பருத்தல்லவா இருக்கிறார்கள்! அதைக் கண்டு, "அவளுக்கு என்ன குறை? நன்றாகச் சாப்பிட்டு உடம்பை வளர்த்து வைத்திருக்கிறாள்" என்று உறவினர் பேசுவதும் நம் காதில் விழத்தான் செய்கிறது.

கவலைப்படுகிறவள் இளைக்க வேண்டும் என்றால், இவர்கள் ஏன் பருக்கிறார்கள்? மனையியல் வகுப்பில் 'உடற்பருமன்' என்ற பாடம் நடந்தபோது எங்களுக்குள் இந்தக் கேள்வி எழுந்தது. "நீங்களே விடையைத் தேடி ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார் எங்கள் டீச்சர். நூலகத்தில் படித்ததையும், எங்கள் வீடுகளிலும் விடுதியிலும் கண்டதையும் சேர்த்து நாங்கள் எழுதியதே இக்கட்டுரை.

அச்சமும் பசியும்

சாலையைக் கடக்கும்போது எதிரே ஒரு லாரி பாய்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கால்கள் தாமாகவே பின்னுக்கு ஓடுகின்றன. அந்தக் கணத்தில் எவருக்காவது பசிக்குமா? நம் சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அப்போது அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. வயிற்றின் வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது. இரத்தம் கை கால்களின் தசைகளுக்கு விரைகிறது. எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் இவ்வாறு ஆயத்தமாகிறது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915இல் எழுதிய நூலில் விளக்கினார்.

பரீட்சை அன்று காலையில் இட்லி நம் தொண்டைக்குள் இறங்க மறுப்பது இதனால்தான். திடீரென்று வந்த பெருந்துயரத்தில் உணவு வேம்பாய்க் கசப்பதும் இதனால்தான். புலவர்கள் பாடிய மெலிவு பொய்யன்று.

ஆனால், வந்த கவலை போகாமல் நாள்கணக்கில், மாதக்கணக்கில் நம்முடனேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு வழி திறந்தவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் 1907இல் பிறந்து கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்தவர் அவர். எலிகளுக்குக் குளிர், காயம், நச்சுப்பொருள் என்று எந்தத் துன்பம் நேர்ந்தாலும் அவற்றின் உடல் ஒரே மாதிரியான மாறுதல்களைக் காட்டுவதைக் கண்டு, 1936இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். அம்மாறுதல்களுள் ஒன்று அட்ரினல் சுரப்பிகள் பெருத்துப் போவது. இன்று நாம் 'மன அழுத்தம்' என்று சொல்லும் கருத்தை மருத்துவத்தில் வேரூன்றச் செய்தவர் அவரே.

அதே அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து கார்ட்டிசால் என்ற இன்னொரு நீர் சுரக்கிறது. அட்ரினலின் நொடியில் வந்து நொடியில் போகும். கார்ட்டிசாலோ மெதுவாக வந்து நெடுநேரம் தங்கும். இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுவது அதன் ஒரு வேலை. ஆபத்து நீங்கிய பின், செலவான சேமிப்பை நிரப்பிக்கொள்ளும்படி பசியைத் தூண்டுவது மற்றொரு வேலை. புலிக்குத் தப்பி ஓடி வந்தவனுக்கு இது நல்ல ஏற்பாடு. அவன் ஓடினான், களைத்தான், உண்டான், கணக்குச் சரியாகிவிட்டது.

நம்மைத் துரத்தும் புலிகள் வேறு. அரையாண்டுத் தேர்வும், வட்டிக்காரரின் கெடுவும், வீட்டில் ஓயாத சண்டையும் நம்மை ஓடவிடுவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நாம் கவலைப்படுகிறோம். தசைகளுக்கென்று வந்த சர்க்கரை செலவாவதில்லை. பசி மட்டும் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மிஞ்சியதை இன்சுலின் கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கிறது. அதுவும் பெரும்பாலும் வயிற்றுப் பகுதியில்!

இதற்குச் சான்று உண்டா? உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932இல் ஒரு நோயை விரிவாக எழுதினார். கார்ட்டிசால் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் அந்நோயில் முகம் முழுநிலாப் போல உருண்டுவிடும், வயிறு பருக்கும், கை கால்கள் மட்டும் மெலியும். ஆஸ்துமா போன்ற நோய்களுக்காக ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டவர்களின் முகம் உப்பிப் போவதை நம்மில் சிலர் பார்த்திருப்போம். அதுவும் இவ்வகையே. நம் அன்றாடக் கவலைகள் அந்த அளவுக்குக் கார்ட்டிசாலைப் பெருக்குவதில்லை. ஆயினும் கார்ட்டிசாலுக்கும் வயிற்றுக் கொழுப்புக்கும் உள்ள உறவை அந்நோய் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

கொழுப்பு பகையா?

இதைப் படிக்கும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது நோயன்று. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு செய்யும் வேலை அது. மாதவிலக்கு ஒழுங்காக வருவதற்கும், பிற்காலத்தில் ஒரு குழந்தையைச் சுமந்து பாலூட்டுவதற்கும் அந்தச் சேமிப்பு வேண்டும். உடலில் கொழுப்பு மிகவும் குறைந்துவிட்டால் மாதவிலக்கே நின்றுபோவதும் உண்டு.

பிரான்சு நாட்டு மார்செய் நகர மருத்துவர் ழான் வாக், கொழுப்பின் அளவைக் காட்டிலும் அது சேரும் இடமே முக்கியம் என்று 1947இலேயே எடுத்துரைத்தார். இடுப்பிலும் தொடையிலும் சேர்வது அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பே நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் இட்டுச் செல்கிறது. மாதவிலக்கு நின்ற வயதில் பெண்களுக்கு இந்த வயிற்றுக் கொழுப்பு கூடுகிறது. இந்தியப் பெண்களைப் பொறுத்தவரை வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனம் வேண்டும் என்பது மருத்துவர்கள் தரும் அளவுகோல். தையற்பெட்டியில் இருக்கும் அளவு நாடாவே இதற்குப் போதும்.

59 பெண்களின் கதை

எலிசா எப்பெல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் உழைத்தவர்களும் 59 பெண்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். கடினமான புதிர்களையும் கணக்குகளையும் கொடுத்தார்கள். பிறர் முன்னிலையில் பேசச் சொன்னார்கள். நம் வாய்மொழித் தேர்வைப் போன்றதுதான்! பின்னர் அவர்கள் உமிழ்நீரிலிருந்து கார்ட்டிசாலை அளந்தார்கள். முடிந்ததும் இனிப்பும் உப்புமான தின்பண்டங்களை எதிரே வைத்தார்கள். எந்தச் சோதனையும் இல்லாத ஓய்வு நாளிலும் அவ்வாறே வைத்துப் பார்த்தார்கள்.

2001இல் வெளியான முடிவு இது. சோதனையின்போது எவருக்குக் கார்ட்டிசால் மிகுதியாக ஏறியதோ அவர்களே அன்று மிகுதியாக உண்டார்கள். ஓய்வு நாளில் அவர்களும் மற்றவர்களைப் போலவே உண்டார்கள். ஆகவே அவர்களைப் 'பெருந்தீனிக்காரர்' என்று சொல்வதற்கில்லை. கை நீண்டது இனிப்புகளின் பக்கமே அதிகம் என்பதும் தெரிந்தது. இதற்கு முந்திய ஆண்டில் வெளியான மற்றொரு கட்டுரையில், வயிற்றில் கொழுப்புச் சேர்ந்த பெண்களுக்குக் கார்ட்டிசால் மிகுதியாகச் சுரப்பதையும் அவர்கள் காட்டியிருந்தார்கள். உடல் மெலிந்திருந்தும் வயிற்றில் மட்டும் கொழுப்புள்ள பெண்கள் நாள்தோறும் அதே சோதனை வந்தபோதும் அதற்குப் பழகிப் போகவில்லை. வெளிப்பார்வைக்கு ஒல்லியாக இருப்பவளும் உள்ளே நொந்துகொண்டிருக்கலாம் என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

இனிப்பை ஏன் நாடுகிறோம்? இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த உணவு மூளையின் பதற்றத்தைச் சற்றுத் தணிக்கிறது என்று, எலிகளிடம் செய்த சோதனைகளைக் கொண்டு கலிபோர்னியாவைச் சேர்ந்த மேரி டால்மன் 2003இல் விளக்கினார். ஆக, ஒரு ரவா லட்டு நமக்கு ஆறுதல் தருவது உண்மையே. அந்த ஆறுதல் அரை மணி நேரமே நிற்பதால் இன்னொரு லட்டைத் தேட வேண்டியிருப்பதுதான் தொல்லை.

எங்களுள் ஒருத்தி

இவற்றையெல்லாம் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்களுள் ஒருத்தியிடம் நாங்கள் கண்டிருந்தோம். அவளது சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறோம்.

கோடை விடுமுறையில் ஒரு திருமண வீட்டில் உறவினர் சிலர் அவளைப் பார்த்து, "கல்யாணப் பெண்ணுக்கே அக்கா மாதிரி இருக்கிறாயே!" என்று சொல்லிச் சிரித்தார்களாம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து அவள் காலையில் ஒரு டம்ளர் காபியுடன் வந்துவிடுவாள். மதியம் டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலேயே வீட்டுக்குத் திரும்பும். "பசிக்கலடி" என்பாள். மாலையில் வீட்டுக்குப் போனதும் மிக்சர் டப்பாவும் பிஸ்கட் பொட்டலமும் காலியாகும். பின்பு அதை எண்ணி அழுவாள். மறுநாள் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடப்பாள். இத்தனை பாடுபட்டும் அவள் எடை குறையவில்லை, கூடியது.

ஒரு திங்கட்கிழமை காலை வழிபாட்டின்போது வெயிலில் நின்றவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம். சிஸ்டர் எலுமிச்சம்பழச் சாற்றில் சர்க்கரை கலந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "ஏன் சாப்பிடவில்லை?" என்று அவர் கண்டிப்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவரோ, "வீட்டில் என்னம்மா கஷ்டம்?" என்று மெல்லக் கேட்டார்.

அப்போதுதான் எல்லாம் வெளிவந்தது. அப்பாவின் கடை மூடிக் கிடக்கிறது. பிளஸ் டூ முடிந்ததும் அவளுக்குத் திருமணம் செய்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று அம்மா இரவெல்லாம் புலம்புகிறார். படிப்பு நின்றுவிடுமோ என்ற பயத்தில் இவள் இரவு இரண்டு மணி வரை படிக்கிறாள். அந்தப் பசியும் அந்தப் பட்டினியும் இந்தப் பயத்திலிருந்து பிறந்தவை. உடல் அவள் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளது அம்மாவைச் சிஸ்டர் வரவழைத்துப் பேசினார். அன்று முதல் நண்பகலில் வேப்பமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கொண்டுவந்ததைப் பகிர்ந்து உண்கிறோம். அவளும் உண்கிறாள். அவள் ஒன்றும் ஒல்லியாகிவிடவில்லை. கல்லூரிக்கு அனுப்புவார்களா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் தேர்வை எழுதட்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மாலையில் மிக்சர் டப்பாவைத் தேடி ஓடுவதும், இரவில் அழுவதும் நின்றிருக்கின்றன. இப்போதைக்கு எங்களுக்கு அதுவே பெரிது.

பட்டினி தரும் பாடம்

பட்டினி கிடந்தால் இளைக்கலாம் என்று எண்ணும் தோழியர் நம் பள்ளியில் பலர். அவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்களில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களை அவர்கள் விருப்பத்துடன் 24 வாரங்கள் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். போரினால் பசியில் வாடும் மக்களை மீட்பது எப்படி என்று அறிவதே நோக்கம். திடமான அந்த இளைஞர்கள் நாளெல்லாம் சாப்பாட்டையே நினைத்தார்கள். சமையற் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள். எரிச்சலும் சோர்வும் கொண்டார்கள். மீண்டும் உணவு கிடைத்தபோது வயிறு நிறைந்தும் அவர்களில் பலருக்குப் பசி அடங்கவில்லை. இழந்த எடை திரும்பியபோது கொழுப்பே முந்திக்கொண்டு சேர்ந்தது.

பட்டினியும் உடலுக்கு ஓர் ஆபத்தே. உணவின் அளவை மிகவும் குறைத்துக்கொண்ட பெண்களுக்குக் கார்ட்டிசால் கூடியதை 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. கவலையைத் தீர்க்கப் பட்டினி கிடந்து, அதனால் கவலைநீரையே பெருக்கிக்கொள்வது என்ன விந்தை!

தவக்காலத்தைச் சொல்லிப் பட்டினியை மறைப்பதும் சில இடங்களில் உண்டு. திருச்சபையின் உண்ணாநோன்புக் கடமையே 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான். பிறர் பசியை உணர்ந்து அவர்களோடு பகிர்வதற்காக இருப்பது நோன்பு; கண்ணாடிக்குப் பயந்து கிடப்பது நோன்பாகாது.

உறக்கத்தைக் குறைப்பதும் இப்படித்தான். உடலில் போதிய சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 1994இலும், பசியைத் தூண்டும் கிரெலின் 1999இலும் கண்டுபிடிக்கப்பட்டன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பார்த்தார்கள். பத்து மணி நேரம் படுக்கவிட்ட நாட்களோடு ஒப்பிட்டபோது லெப்டின் நூற்றுக்கு 18 பங்கு குறைந்திருந்தது. கிரெலின் 28 பங்கு கூடியிருந்தது என்று 2004இல் எழுதினார்கள். அவர்கள் ஆண்கள்தாம். ஆயினும் தேர்வுக் காலத்தில் நடு இரவில் சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்க்கும் நம் கைகளுக்குக் காரணம் என்ன என்பது ஓரளவு புரிகிறது.

அம்மாவின் தட்டு

எங்கள் பாடப்பதிவேட்டுக்காக, வீட்டில் யார் எப்போது என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வரும்படி டீச்சர் சொல்லியிருந்தார். எல்லோருடைய பதிவேட்டிலும் அம்மாவின் பகுதி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. விடியுமுன் எழுந்து ஒரு காபி. பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் டிபன் கட்டி அனுப்பும்வரை வேறொன்றும் இல்லை. பதினொரு மணிக்கு, மிஞ்சிய தோசையும், பிள்ளை வைத்துவிட்டுப் போன பாதி உப்புமாவும், அடுப்படியில் நின்றபடியே. மூன்று மணிக்கு ஆறிய சோறும் அடிக்குழம்பும். காயும் முட்டையும் அதற்குள் தீர்ந்திருக்கும். மாலையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. எல்லோரும் உண்ட பின், பத்து மணிக்கு மேல், வீணாகக் கூடாதே என்று மீதியெல்லாம்.

பருமனாக இருக்கும் பெண் நன்றாகச் சாப்பிட்டவள் என்று உலகம் நினைக்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள். 2015-16இல் இது 31 ஆக இருந்தது. அதே 2019-21 ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை! உடலில் கொழுப்பு ஏறியிருக்கிறது. இரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை. வேளை தவறி, சோறும் சர்க்கரையுமாக, மனம் நொந்து உண்ட உணவு சதையாகிறதே தவிர வலுவாவதில்லை.

பருமனுக்கு மன அழுத்தம் ஒன்றே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பரம்பரைக் கூறு உண்டு. தைராய்டுக் குறைபாடும் சினைப்பை நீர்க்கட்டியும் உண்டு. உடலுழைப்புக் குறைந்ததும் உண்டு. இவற்றுக்கு மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆனால் மருத்துவர் எழுதும் சீட்டில் இடம்பெறாத காரணமாய், வீட்டார் எவரும் கேட்காத காரணமாய் நிற்பது மனச்சுமைதான்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, காலை உணவை விடக்கூடாது. இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழோ போதும். இரவு வரை நீளும் வெறிப்பசி பெரும்பாலும் காலையில் விட்ட உணவிலிருந்தே தொடங்குகிறது.

இரண்டாவது, தேர்வுக் காலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வோம். மிக்சருக்குப் பதில் சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் மோர். புரதம் உள்ள உணவு நெடுநேரம் பசி தாங்கும். உணவோடு சேர்த்து டீ குடிப்பதைத் தவிர்த்தால், கீரையிலுள்ள இரும்புச்சத்தும் உடலில் கூடுதலாகச் சேரும்.

மூன்றாவது, ஓடுவதற்கென்று உடல் தயாரித்த சர்க்கரையை நடந்தாவது செலவழிப்போம். விளையாட்டுப் பாட வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்கும் ஆசிரியர்கள் எங்களை மன்னிப்பார்களாக! தேர்வு நெருங்க நெருங்கத்தான் அந்த வேளை எங்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது. இரவு உறக்கமும் அவ்வாறே.

நான்காவது, தட்டில் கை வைக்குமுன் நம்மையே கேட்டுக்கொள்வோம்: "இது வயிற்றுப் பசியா, மனப் பசியா?" முன் உண்டது செரித்த பின் பசியறிந்து உண்பவனுக்கு மருந்து வேண்டியதில்லை என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வழி. மனப் பசியாக இருந்தால் அதற்கு ஏற்ற உணவு பேச்சு. தோழியிடமோ, அம்மாவிடமோ, டீச்சரிடமோ, சிஸ்டரிடமோ சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவது, 'குண்டு', 'பூசணி', 'அரிசி மூட்டை' என்ற பட்டப்பெயர்களை நம் பள்ளி வளாகத்திலிருந்து அறவே ஒழிப்போம். அப்பெயரால் இதுவரை எவரும் இளைத்ததில்லை. பெயர் வைக்கப்பட்டவளுக்கு மேலும் ஒரு கவலை சேர்ந்ததுதான் மிச்சம்.

பெற்றோர்களுக்கும் பணிவுடன் ஒரு வேண்டுகோள். இரவு ஒரு வேளையாவது வீட்டில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். அம்மாவுக்கும் முதலிலேயே ஒரு தட்டு வைத்து, முட்டையையும் காயையும் அதில் பங்கிட்டு வையுங்கள். பிள்ளைகளாகிய நாங்கள் பரிமாறுகிறோம். மகளோ மனைவியோ பருத்து வருவதைக் கண்டால், "ஏன் இவ்வளவு சாப்பிடுகிறாய்?" என்று கேட்குமுன், "உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள்.

அன்புத் தோழியரே! சங்ககாலத் தலைவியின் துயரத்தைக் கழன்ற வளையல்கள் ஊருக்குச் சொல்லிவிட்டன. நம் தாய்மாரின் துயரமோ பருத்த உடலுக்குள் ஒளிந்துகொள்வதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. அதைக் காணும் கண்களை நாம் பெறுவோம். உணவை வெறுக்காமலும், உணவிடம் அடைக்கலம் புகாமலும், வேளைக்கு உண்டு, ஒன்றாக அமர்ந்து உண்டு, மனம் விட்டுப் பேசி, நலமுடன் வாழ்வோமாக!